முப்பத்தைந்தை விட முப்பது குறைவு

செப்டம்பர் 11

எழுத்துத் தேர்வில் பாஸ்!

இதை எழுதுகிற கை சாதாரணக் கை அல்ல. மத்திய அரசின் வருங்கால எழுத்தர் உலகநாதனின் கை. கோவில்பட்டியில் ஒன்பது வருடமாக ‘உலகம் பிரவுசிங் சென்டர்’ நடத்தி, ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவன், கடைசியில் தானும் ஒன்றில் தேறியிருக்கிறான். வயது வரம்புக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் முதல் நான் பிறருக்குப் போட்டுக் கொடுக்கலாமே தவிர எனக்குப் போட முடியாது.

அம்மாவிடம் சொன்னேன். “அப்ப இனிமே கடையில உக்காந்து பாட்டுக் கேக்க மாட்டியால?” என்றாள். அவள் வாழ்த்து அவ்வளவுதான்.

பாக்கி இருப்பது டைப்பிங் தேர்வு. அதற்கும் மே மாதமே வழி பண்ணி வைத்துவிட்டேன். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வரும், டைப்பிங் எந்த மொழியில் என்று. ஆங்கிலம் என்றால் நிமிடத்துக்கு முப்பத்தைந்து வார்த்தை, இந்தி என்றால் முப்பது. ஊரில் இருப்பவனெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் டிக் போடுவான். நான் கணக்குத் தெரிந்தவன். ஆங்கிலத்தில் என் வேகம் இருபத்தெட்டு. முப்பத்தைந்துக்கு ஏழு குறைகிறது, முப்பதுக்கு இரண்டுதான் குறைகிறது. எனவே இந்தி. “உனக்கு இந்தி தெரியாதே” என்று யாராவது கேட்கலாம். டைப் அடிக்க மொழி எதற்கு? பார்க்கிறோம், அடிக்கிறோம். போதாக்குறைக்கு அந்த எழுத்துக்கெல்லாம் தலைக்கு மேலே ஒரே கோடு. கொடியில் துணி காயப்போட்ட மாதிரி வரிசையாக வந்து தொங்கப் போகிறது.

செப்டம்பர் 13

கீபோர்டில் ஒட்டுகிற இந்தி ஸ்டிக்கர் ஆர்டர் போட்டேன். ஐந்து நாளில் வருமாம்.

மதியம் செண்பகம் கடலை மிட்டாயோடு வந்தாள். கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். சிவகாசியில் கட்டிக் கொடுத்தார்கள், சரிப்படவில்லை, ஆறு வயதுப் பிள்ளையோடு திரும்பி வந்து தம்பி வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் நான்தான் விண்ணப்பம் போட்டேன். அவளும் எழுத்துத் தேர்வில் பாஸ். அவளுக்கும் இதுதான் கடைசி வருடம்.

“டைப்பிங்க நெனச்சா எனக்குக் கவலையே இல்லண்ணே. இங்கிலீஷ் டைப்ரைட்டிங்ல ஹையர் கிரேடு முடிச்சிருக்கேன். தூக்கத்துல எழுப்பி அடிக்கச் சொன்னாலும் அறுவது வரும்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயில் இருந்த கடலை மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, பேச வேண்டியிருக்கவில்லை.

விஷயம் இதுதான். மே மாதம் இந்த யோசனை எனக்குத் தோன்றியபோது, நான் மட்டும் அனுபவித்தால் போதுமா என்று ஒரு நல்ல மனது வந்தது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நானே இந்தியில் டிக் போட்டேன். கேட்டுக்கொண்டு செய்தால் அது உதவியா? அவள் போன பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். என்னையும் சேர்த்து மொத்தம் இருபத்து மூன்று பேர். இருபத்தோரு பேர் எழுத்துத் தேர்விலேயே போய்விட்டார்கள். ஆண்டவன் இருபத்தோரு தடவை என் பக்கம் நின்றிருக்கிறான். மிச்சம் நானும் செண்பகமும்.

செப்டம்பர் 14

மதியம் கோர்ட் தெரு வழியாகப் போகாமல் ரயில்வே லைன் பக்கம் சுற்றி வீட்டுக்குப் போனேன். அங்கே வெயில் குறைவு.

செப்டம்பர் 19

டைப்பிங் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. நவம்பர் 29, மதுரை. செண்பகம் அதை போனில் இறக்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாள். ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த இரண்டு பேர் முன்னால் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“என்னண்ணே இது? இந்தின்னு போட்டிருக்கு?”

“எங்க? காட்டு.” வாங்கிப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன்.

“நான் இந்தின்னு சொல்லவே இல்லையே.”

“சர்வர்” என்றேன்.

“என்னது?”

“சர்வர் கோளாறு. கடைசி நாள் லட்சம் பேர் உள்ள வந்தா அதுவா ஒண்ணு மாறிப் போயிரும். பாரு, எனக்கும் அப்படித்தான் ஆயிருக்கு.” என் ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். அதிலும் இந்தி. சாட்சி கையிலேயே இருந்தது.

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் கலங்கவில்லை.

நான் சொன்னது முழுப் பொய் என்று எழுத முடியாது. மே மாதக் கடைசியில் சர்வர் உண்மையிலேயே இரண்டு நாள் மக்கர் செய்தது.

செண்பகம் என் எதிரிலேயே உட்கார்ந்து தேர்வு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் அடித்தாள். கீபோர்டைப் பார்க்கவே இல்லை. நான்கு பத்தி, மூன்று நிமிடம், ஒரு தப்பு இல்லை. அறுபது என்றாளே, அது தன்னடக்கம்.

செப்டம்பர் 26

பதில் வந்தது. முழுக்க இந்தியில்.

போனில் மொழிபெயர்த்துப் பார்த்தோம். ஒருமுறை தேர்ந்தெடுத்த மொழியை எக்காரணம் கொண்டும் மாற்ற முடியாதாம். கடைசியில் நன்றி என்று இருந்தது. எதற்கு நன்றி என்று தெரியவில்லை.

செப்டம்பர் 27

இன்று தேர்வை விட்டுவிடுவாளா, நாளை விட்டுவிடுவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஒரு வாரத்தில் எல்லாம் ஆறிப்போயிருக்கும். காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நிற்கிறாள்.

“இன்னைலருந்து எண்ணினா அறுவத்து மூணு நாள் இருக்குண்ணே. இந்தியே அடிக்கேன்.”

“அது லேசுப்பட்ட காரியம் இல்ல, செண்பகம்.”

“எங்க வீட்ல கம்ப்யூட்டர் கெடையாது. ஆபீஸ்ல வக்கீல் ஐயா விடமாட்டாக. காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்க சிஸ்டத்தைக் குடுங்க.”

“ஏன் இப்படி மல்லுக்கட்டுத? வக்கீல் ஆபீஸ் வேலைதான் இருக்கே.”

அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். “தம்பி பொண்டாட்டி நல்லவதாண்ணே. ஒரு சொல்லுச் சொன்னதில்ல. ஆனா என் பிள்ள ரெண்டாவது தோசை கேக்கதுக்கு முன்னாடி அவ மூஞ்சியப் பாக்கா. ஆறு வயசுப் பிள்ள. எனக்கு இந்த வேலை கெடச்சாகணும். ஒத்த ரூம்னாலும் நானும் அவளும் தனியா இருக்கணும்.”

நான் பெரிய மனது பண்ணி இரண்டாம் நம்பர் சிஸ்டத்தைக் கொடுத்தேன். இந்தக் காலத்தில் யார் கொடுப்பார்கள்?

அக்டோபர் 1

ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. என் கீபோர்டில் மட்டும். செண்பகம் வேண்டாம் என்றுவிட்டாள்.

பாடம் ஆரம்பம். ஆசிரியர் நான் என்று வைத்துக்கொள்ளலாம். கோடு, கொம்பு, கொக்கி எல்லாம் இடது கைப்பக்கம். எழுத்தெல்லாம் வலது கைப்பக்கம். நமக்கு ஒரு ‘க’ போதும், காலம் தள்ளுகிறோம். அவர்களுக்கு நான்கு. எதற்கு நான்கு என்று கேட்க ஆள் இல்லை. ஒரு எழுத்தைப் பாதியாக வெட்டி அடுத்ததன் மடியில் உட்கார வைக்க ‘டி’ கட்டையைத் தட்ட வேண்டும். நான் தட்டிய இடத்தில் எல்லாம் வெட்டுப்பட்டுக் கிடந்தது.

அதில் ஒரு கொக்கி இருக்கிறது. எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் எழுத்துக்குப் பின்னால் அடிக்க வேண்டும். இது என்ன கிறுக்குத்தனம் என்று கத்தினேன்.

“நம்ம ‘கெ’ கொம்பும் அப்படித்தானண்ணே. முன்னாடி நிக்கும், கம்ப்யூட்டர்ல ‘க’ அடிச்சிட்டுத்தான் கொம்பு போடுதோம்” என்றாள்.

இதை நானே சொல்ல நினைத்திருந்தேன்.

அக்டோபர் 7

செண்பகம் வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து கீபோர்டின் மேல் போட்டு, அதற்குள் கையை விட்டு அடிக்கிறாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அப்படித்தான் பழக்கினார்களாம். கட்டையைப் பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் விரலில் தட்டுவாராம். ஒரு வரிசையை நூறு தடவை, அடுத்த வரிசையை நூறு தடவை. வார்த்தைக்கே போகமாட்டாள். இதைப் பார்த்தால் முடி திருத்தும் கடை ஞாபகம்தான் வருகிறது.

நான் நேராகப் பத்தியிலேயே இறங்கிவிட்டேன். இணையத்தில் கிடைத்த ஏதோ பழைய இந்தி அறிவிப்பு, ஒரு பக்கம். அதையே தினமும் அடிப்பது என் முறை. ஒரே பக்கம் கைக்கு ஏறிவிட்டால் எந்தப் பக்கமும் ஏறும்.

அக்டோபர் 16

வேகம்: செண்பகம் 14. நான் 6. காலையில் மின்சாரம் சரியில்லை.

அக்டோபர் 23

கோயிலுக்குப் போனேன். எனக்காக அல்ல. செண்பகம் பாஸாகிவிட்டால் அம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டு வந்தேன். அடுத்தவர்களுக்காக இப்படி வேண்டுகிறவர்கள் குறைவு. அம்மாவிடம் சொன்னபோது, “அவ பாஸாகலன்னா உனக்கு என்னல நட்டம்?” என்று கேட்டாள். அம்மாவுக்குப் பக்தி போதாது.

நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே ஒன்றை எழுதிவிடுகிறேன், இது என் நோட்டு, யாரும் படிக்கப் போவதில்லை. ஜூன் மாதம், விண்ணப்பத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ள இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார்கள். செண்பகம் அன்றைக்குக் கடைக்கு வந்து, “நம்மதுல ஏதும் திருத்தணுமாண்ணே? ஒரு தடவ பாத்துருவோமா?” என்று கேட்டாள். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “உலகநாதன் போட்டதுல தப்பு இருக்குமா?” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் நம்பிப் போனாள். அதுதான் கொஞ்சம் குத்துகிறது. சாம்பார் சாதம் என்று ஞாபகம்.

நவம்பர் 2

செண்பகம் 24. நான் 11.

என்னிடம் ஒரு பிரச்சினை என்று அவள் கண்டுபிடித்துச் சொன்னாள். நான் இரண்டு விரலில் அடிக்கிறேனாம். “ஒன்பது வருசமா ரெண்டு விரல்லயாண்ணே ஊருக்கே ஃபாரம் போட்டீக?” என்று கேட்டாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் சிரித்தார். அவருக்கு இனிமேல் கலர் பிரிண்ட் மங்கலாகத்தான் வரும்.

நவம்பர் 9

இதை நிதானமாக எழுத வேண்டும்.

கடைக்கு எதிரே பானிபூரி வண்டி போடுகிற லல்லன் உத்தரப்பிரதேசத்துக்காரன். ஐந்து வருடமாகக் கோவில்பட்டியில் இருக்கிறான். தமிழ் நன்றாகவே பேசுவான். செண்பகத்துக்கு இப்போது நிமிடத்துக்கு இருபத்தாறு வருகிறது. ஆனால் என்ன அடிக்கிறோம் என்று தெரியாமல் அடிப்பது அவளுக்கு மனசாகவில்லையாம். அர்த்தம் தெரிந்தால் கை இன்னும் ஓடும் என்றாள். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, நான் முப்பத்து மூன்று நாளாக அடித்துக்கொண்டிருக்கும் பக்கத்தைக் கையில் கொடுத்தாள்.

லல்லன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

“அக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது. பதினோரு வயசுல வேலைக்கு வந்துட்டேன். ஸ்கூல் பக்கமே போகல.”

ஆக, நிலைமை இப்படி. இந்தி பேசுகிறவனுக்கு எழுத்து தெரியாது. எழுத்து அடிக்கிற எங்களுக்கு இந்தி தெரியாது. இந்த மூன்று பேரையும் நம்பித்தான் தேசம் அலுவல் மொழியை விட்டுவைத்திருக்கிறது.

செண்பகம் அசரவில்லை. “நான் எழுத்துக் கூட்டிச் சொல்லுதேன், நீ அர்த்தம் சொல்லு” என்றாள். இவள் எப்போது எழுத்துக் கூட்டப் படித்தாள்? போனில் பார்த்துப் படித்தாளாம், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு. அவள் ஒவ்வொரு எழுத்தாகத் திக்கித் திக்கிச் சொல்ல, அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்க, நடுவில் இரண்டு பேர் பானிபூரிக்கு வந்து, ஆள் இல்லாமல் திரும்பிப் போனார்கள்.

முதல் வரி முடிந்தது. லல்லன் யோசித்தான்.

“இது ஆபீஸ் பேச்சு அக்கா. பெரிய பெரிய வார்த்தை. ஆனா புரியுது. ஃபாரத்துல என்ன எழுதியிருக்கோ, அதுக்கெல்லாம் ஃபாரம் போட்டவன்தான் பொறுப்பு.”

முப்பத்து மூன்று நாள். ஒரு நாளைக்கு எட்டு தடவை என்றால் இருநூற்று அறுபத்து நான்கு தடவை இதை என் கையாலேயே அடித்திருக்கிறேன்.

செண்பகம் என்னைப் பார்க்கவில்லை. லல்லனைத்தான் பார்த்தாள். “போட்டவன்னா யாருப்பா? யாரு பேருக்குப் போட்டாகளோ அவகளா, இல்ல உக்காந்து போட்டுக் குடுத்தவகளா?”

“அது போடல அக்கா.”

“சரி” என்றாள்.

எழுந்து போய் மூன்று பேருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவள் லல்லனின் பெயரைத் திரையில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “இதுவா நான்?” என்று கேட்டான். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டான். மூன்று படம் எடுத்தான். அவன் கண்ணில் தண்ணீர். பச்சை மிளகாய் நறுக்குகிறவன், கையால் கண்ணைத் தேய்த்திருப்பான்.

நவம்பர் 10

பயிற்சிப் பக்கத்தை மாற்றிவிட்டேன். இப்போது அடிப்பது மாட்டுத் தீவனம் பற்றி. லல்லனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நவம்பர் 21

செண்பகம் 33. நான் 17. மாட்டுத் தீவனம் கைக்குப் புதிது.

“ஸ்டிக்கரைப் பிச்சுப் போடுங்கண்ணே” என்றாள். “மதுரையில கீபோர்டு எப்படி இருக்குமோ.”

“மத்திய அரசுத் தேர்வு. இந்தி தேர்வுக்கு இந்தி கீபோர்டு வைக்க மாட்டானா?”

“வைக்கலன்னா?”

“ஏன் எதுக்கெடுத்தாலும் அபசகுனமாப் பேசுத?” என்று எரிந்து விழுந்தேன். ஸ்டிக்கர் கண்ணுக்கு ஒரு தெம்பு. அதில் ‘ப’ மட்டும் ஏற்கெனவே உரிந்து, ஃபெவிகால் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

அவள் மறுபடியும் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டாள். இவளுக்கு என்னிடம் என்ன கோபம் என்று சில நேரம் தோன்றுகிறது. கோபம் இருந்தால் கேட்கலாமே. கேட்க மாட்டாள். வருவாள், ‘வணக்கம்ணே’ என்பாள், அடிப்பாள், போவாள். சண்டை போட்டாலாவது நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொள்வேன்.

நவம்பர் 29

மதுரை. ஒரு பொறியியல் கல்லூரியில் தேர்வு. இந்திக்காரர்கள் மொத்தம் பதினான்கு பேர். பன்னிரண்டு பேர் வடக்கே இருந்து வந்து இங்கே வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள். எங்கள் இரண்டு பேர் பெயரையும் வாசித்தபோது கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் கோவில்பட்டியா? இந்தியா?” என்று கேட்டார்.

“சர்வர், சார்” என்றாள் செண்பகம்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். கீபோர்டு இருந்தது. கறுப்புக் கீபோர்டு. அதில் ஏ, பி, சி, டி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

கையைத் தூக்கினேன். “சார், இதுல இந்தி எழுத்து இல்ல.”

“டைப்பிங் தெரிஞ்சவங்களுக்கு எழுத்து எதுக்குப்பா?” என்றார்.

பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முதல் வார்த்தையில் நான்காவது எழுத்துக்கு வழி தெரியாமல் நின்றேன். கட்டை கட்டையாகத் தட்டிப் பார்த்தேன். எதெதுவோ முளைத்தது. அழித்தேன். பக்கத்துத் தடுப்புக்குள் செண்பகத்தின் கட்டைகள் சட்டியில் சோளம் பொரிகிற மாதிரிப் பொரிந்துகொண்டிருந்தன. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. எட்டாவது நிமிடத்தில் நான் அடிப்பதை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நிற்காதே, நிற்காதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் வேலை எனக்கு ஞாபகத்தில் இல்லை. இது உண்மை.

மொத்தம் இரண்டரை வரி அடித்திருந்தேன். ஒன்பது வருடம் காத்திருந்த வேலை, இரண்டரை வரியில் முடிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம், நான் பக்கத்து வரிசை. சாத்தூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, அந்த இந்தி டிக் நீங்கதான போட்டீக?”

நல்ல வாய்ப்பு. பஸ்ஸில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. ‘ஆமா’ என்கிற ஒரே வார்த்தை, எனக்குத் தெரிந்த மொழி.

“சர்வர்தான், செண்பகம்” என்றேன்.

“சரிண்ணே” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வருகிறேன் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 6

இரண்டாம் நம்பர் சிஸ்டம் சும்மா கிடக்கிறது. துண்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அம்மாவிடம் கொடுத்துத் துவைத்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 18

அம்மா கேட்டாள், “அந்தப் பிள்ள ஏம்ல கடைப்பக்கம் வரதில்ல?” வேலை இருக்கும் என்றேன். “நீ என்ன செஞ்ச?” என்றாள். பெற்ற தாய் கேட்கிற கேள்வியா இது?

ஜனவரி 8

முடிவு வந்துவிட்டது. முதலில் அவள் எண்ணைத்தான் தேடினேன்.

இருக்கிறது!

நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். நெஞ்சில் நான்கு மாதமாக வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. கோயிலுக்குப் புடவை வாங்க வேண்டும். என் எண்ணையும் ஒரு சம்பிரதாயத்துக்குத் தேடினேன். இல்லை.

போனில் சொன்னேன். “பாத்துட்டேண்ணே” என்றாள். அதற்குப் பிறகு அழுதாள். பின்னால் பிள்ளையின் சத்தம் கேட்டது, “ஏம்மா அழுத?” என்று. நான் போனை வைத்துவிட்டேன்.

ஆக, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. யாருக்கும் நட்டம் இல்லை. யோசித்துப் பார்த்தால், நான் அந்த டிக் போட்டதால் அவள் இந்தியும் படித்துக்கொண்டாள். வேலையில் சேர்ந்த பிறகு உதவும். ஒரு நாள் அவளே இதைச் சொல்லுவாள்.

ஜனவரி 20

சொன்னாள்.

காலையில் பத்தரை மணிக்கு, சான்றிதழ்களை மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு வந்தாள். எந்த ஊர் அலுவலகம் வேண்டும் என்று விருப்பம் கொடுக்க வேண்டும், சான்றிதழ்களை ஏற்ற வேண்டும், கடைசிப் படிவம். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. “நம்ம கடையில ஃபாரம் போட்டுப் பாஸான பிள்ள” என்று எல்லோரிடமும் சொன்னேன். “குடு, செண்பகம், நிமிசத்துல ஏத்தித் தந்துருதேன்” என்று கையை நீட்டினேன்.

“எந்திங்கண்ணே” என்றாள்.

“என்ன?”

“நான் போட்டுக்கிடுதேன். எந்திங்க.”

ஒன்பது வருடத்தில் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. எழுந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம், வரிசையில் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். நின்று பார்த்தால் அங்கிருந்து திரை தெரியாது என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. திரையின் முதுகுதான் தெரிகிறது.

அவள் ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டு அடித்தாள். அடித்துவிட்டு மறுபடி படித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. காத்திருந்தவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கடைசியில் ஒரு உறுதிமொழி வந்தது போல. அதையும் படித்தாள்: “மேலே உள்ள விவரங்களை நானே படித்துப் பார்த்து நிரப்பினேன்.” படித்துவிட்டு டிக் போட்டாள்.

நான் அந்தக் கட்டத்தில் ஊருக்கே டிக் போட்டிருக்கிறேன். எத்தனை ஆயிரம் பேருக்கு என்று தெரியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

என்ன ஆயிற்றோ தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது.

“செண்பகம். அந்த இந்தி டிக் நான்தான் போட்டேன். சர்வர் இல்ல.”

ஜெராக்ஸ் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“தெரியும்ணே” என்றாள், சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டே. “உங்க ஹால் டிக்கெட்டைக் காட்டினீகளே, அன்னைக்கே தெரியும். சர்வருக்கு நம்ம ரெண்டு பேர் மேல மட்டும் என்ன அம்புட்டுப் பாசம்?”

“பின்ன ஏன் கேக்கல? ஏன் சண்டை போடல?”

“போட்டா சிஸ்டம் குடுத்திருப்பீகளா?”

அம்மா துவைத்துக் கொடுத்த துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வரிசையில் முதலில் நின்றிருந்த அம்மாள் தன் மகளின் படிவத்தை என் மேசையிலிருந்து மெதுவாக எடுத்துச் செண்பகத்தின் பக்கம் நகர்த்தி, “தாயீ, இதையும் ஒரு வாட்டிப் படிச்சுப் பாத்துருதியா?” என்றாள்.

செண்பகம் படித்துப் பார்த்தாள். இரண்டு இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு எழுந்து வாசல் வரை போனாள். நான் கூடவே போனேன்.

“மனசுல வச்சுக்காத, செண்பகம். சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். இப்பச் சொல்லிட்டேன்ல?”

அவள் நின்று திரும்பினாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நான் பாஸானதால சொல்லுதீகண்ணே. ஃபெயிலாயிருந்தா நீங்க சாகுற வரைக்கும் அது சர்வர்தான்.”

போய்விட்டாள்.

சாயங்காலத்திலிருந்து இந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்படியெல்லாம் இல்லை என்று எழுத வேண்டும். இந்தப் பக்கத்தில் இன்னும் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது. எழுத வரவில்லை.